பதிமூன்றும் முப்பத்தொன்றும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் "நான் அறிந்த ஒரு பெண்" என்ற தலைப்பில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். எங்கள் குழுவில் கணக்கு நோட்டு எழுதுவேன், அவ்வளவுதான். மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. எழுதி வைத்துத்தான் படிக்கிறேன். நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்கு ஒருத்தர் ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்று போன மாதக் கூட்டத்தில் முடிவானது. நான் யோசித்து முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்த பெயரை எல்லாம் மற்ற குழுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. விண்வெளிக்குப் போனவங்க போய்ட்டாங்க, முதல் டாக்டர் அம்மா போய்ட்டாங்க. எனக்கு யாருமே மிச்சம் இல்லை.

அப்போதுதான் என் மகள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அவள் எட்டாவது படிக்கிறாள், வயது 13. வீடியோவில் ஒரு பெரிய மைதானம், சுற்றிலும் ஜனம். ஒரு பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே கிடக்கிறாங்க. அவங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போறாங்க. அத்தனை ஜனமும் எழுந்து நின்று கை தட்டுது. ஜெயித்து வரும்போது தட்டுவாங்க, பார்த்திருக்கிறேன். அடிபட்டுப் போகிற ஒரு பொம்பளைக்கு ஒரு மைதானமே எழுந்து நிற்பதை நான் பார்த்ததில்லை. "யாரும்மா இது?" என்று கேட்டேன். அதில் ஆரம்பித்தது இது. மகள் படித்துச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவங்க பெயர் எரின் ஃபிலிப்ஸ். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஃபுட்பால் வீராங்கனை.

ஃபுட்பால் என்றதும் நீங்கள் நினைக்கிற உருண்டைப் பந்து இல்லை. ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு என்றே ஒரு ஃபுட்பால் இருக்கிறது. பந்து இரண்டு பக்கமும் கூம்பி, நம்ம ஊர் பப்பாளிக்காய் மாதிரி இருக்கும். கிரிக்கெட் ஆடுகிற அந்தப் பெரிய வட்ட மைதானத்திலேயே ஆடுவாங்க. பெண்கள் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 16 பேர். காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் எறியக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஒரு கையில் பந்தை வைத்து, மறு கையை முஷ்டியாக மடக்கிக் குத்தி அனுப்பணும். ஓடும்போது 15 மீட்டருக்கு ஒரு தரம் பந்தைத் தரையில் தட்டியோ தொட்டோ எடுக்கணும். எதிராளி ஓடி வந்து கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே பிடிக்கலாம் என்பது சட்டம். கபடி ஆடினவங்களுக்கு இது புரியும்.

மைதானத்தின் இரண்டு கடைசியிலும் நான்கு நான்கு கம்பம் நட்டிருக்கும். நடுவில் இருக்கும் இரண்டு உயரக் கம்பத்துக்கு இடையில் உதைத்து அனுப்பினால் 6 புள்ளி. பக்கத்துக் கம்பத்துக்கு இடையில் போனால் 1 புள்ளி. கணக்கு இவ்வளவுதான்.

அந்த நாட்டின் தெற்கே அடிலெய்டு என்று ஒரு நகரம். கிரிக்கெட் பார்க்கிற வீட்டில் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். அங்கே துறைமுகப் பக்கத்து அணிக்குப் பெயர் போர்ட் அடிலெய்டு. எரினுடைய அப்பா கிரெக் ஃபிலிப்ஸ் அந்த அணியில் பெரிய ஆட்டக்காரர். அந்த அணியோடு எட்டு தரம் சாம்பியன் பட்டம் வாங்கினவர். அந்த வீட்டில் 1985-ல் பிறந்த பெண் எரின்.

அந்தப் பிள்ளை சின்ன வயதிலேயே பந்தோடு ஓடியது. பையன்களின் அணியில் சேர்ந்து பையன்களோடு ஆடியது. நன்றாகவும் ஆடியது. வீட்டில் தடை சொல்லவில்லை. அப்பா பேர் வாங்கின ஆட்டக்காரர், சொல்லிக் கொடுக்கவும் ஆள் இருந்தது. இதற்கு மேல் ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள்?

ஆனால் 13 வயதில் ஆட்டம் நின்றுபோனது. அந்த வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் பையன்களோடு ஆட வழி இல்லை. பெண்களுக்கென்று, ஆடி மேலே போக ஒரு பாதையும் கிடையாது. கூட ஆடின பையன்கள் எல்லாம் அடுத்த அணிக்கு, அடுத்த அணிக்கு என்று போய்க்கொண்டே இருந்தாங்க. இந்தப் பிள்ளைக்கு மட்டும் பாதை அங்கேயே முடிந்தது.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திட்டேன். எட்டுப் பட்டம் வாங்கின அப்பா, அவராலேயே தன் மகளுக்கு ஒரு வாசலைத் திறக்க முடியவில்லை. நாம் எப்போதும் வீடு விட்டால் போதும், வீட்டில் சம்மதித்தால் போதும் என்று நினைக்கிறோம். அந்த வீட்டில் எல்லாரும் சம்மதம்தான். வெளியே இடம் இல்லை. வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் தெருக் கதவு சாத்தியிருந்தால் பிள்ளை எங்கே போகும்?

எரின் ஆடுவதை விடவில்லை, ஆட்டத்தை மாற்றிக்கொண்டாங்க. பாஸ்கெட் பாலுக்குப் போனாங்க. அதில் பெண்களுக்கு லீக் இருந்தது. அடிலெய்டு லைட்னிங் என்ற அணியில் ஆடினாங்க. 2005-ல் அமெரிக்காவின் மகளிர் பாஸ்கெட் பால் லீக்கில் கனெக்டிகட் அணி அவங்களைத் தேர்ந்தெடுத்தது. 2006-ல் ஆஸ்திரேலியா உலக சாம்பியன் ஆனது, அந்த அணியில் எரின் இருந்தாங்க. அமெரிக்காவில் 2012-ல் இண்டியானா அணியோடு ஒரு பட்டம், 2014-ல் ஃபீனிக்ஸ் அணியோடு ஒரு பட்டம். 2016-ல் ரியோ ஒலிம்பிக். அதில் காலிறுதியில் செர்பியாவிடம் ஆஸ்திரேலியா தோற்றது.

இத்தோடு நிறுத்தினாலும் அவங்க சாதனைப் பெண்தான். ஒலிம்பிக் போயாச்சு, உலகக் கோப்பை வாங்கியாச்சு, வயதும் 31 ஆச்சு. நம் ஊரில் முப்பது தாண்டின பெண்ணைப் பார்த்து, "இனிமேல் உனக்கு என்ன, பிள்ளைகளைப் பாரு" என்பாங்க. விளையாட்டில் 31 என்றால் எந்த ஊரிலும் முடிக்கிற வயசு என்றுதான் கணக்குப் போடுவாங்க.

அந்த வருஷம்தான் சாத்தின கதவு திறந்தது.

அது தானாகத் திறக்கவில்லை. அதையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், ஏனென்றால் நமக்கு வேண்டியது இந்தப் பகுதிதான்.

அந்த நாட்டில் பெண்கள் இந்த ஃபுட்பாலை ஆடியது புதிசு இல்லை. முதல் உலகப் போர் நடந்த காலத்தில், 1915-லேயே, பெர்த் என்ற நகரத்தில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்த பெண்கள் அணி சேர்த்து ஆடியிருக்கிறாங்க. அதற்குப் பிறகும் அங்கங்கே பெண்கள் தாங்களே காசு போட்டு, தாங்களே மைதானம் பிடித்து ஆடிக்கொண்டுதான் இருந்தாங்க.

விக்டோரியா என்ற மாநிலத்தில் 2003-ல் மூன்று சிறுமிகளிடம், வயது தாண்டிவிட்டது, இனிமேல் பையன்களோடு ஆட முடியாது என்று சொல்லிட்டாங்க. எரினுக்கு நடந்த அதே கதை. இந்த மூன்று பேரும் தீர்ப்பாயத்துக்குப் போனாங்க. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், வழக்குப் போட்டாங்க. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வழக்கால் விஷயம் வெளியே வந்து, சிறுமிகளுக்கென்றே தனியாகப் போட்டி நடத்த ஆரம்பிச்சாங்க. அந்த மூவரில் ஒருத்தர் பெனி குலா ரீட். பின்னால் பெரிய லீக் வந்தபோது காலிங்வுட் அணியில் அவங்களும் ஆடினாங்க.

2013-லிருந்து மெல்போர்ன், வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்ற இரண்டு பெரிய கிளப்புகள் பெண்களுக்கென்று காட்சிப் போட்டி நடத்தியது. பார்க்க ஆள் வருவாங்களா என்று சந்தேகப்பட்டவங்களுக்கு அது பதிலாச்சு. கடைசியில், எட்டு அணிகளோடு பெண்களுக்கு ஒரு தேசிய லீக் என்று 2016-ல் அறிவிச்சாங்க.

2017 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை ராத்திரி, மெல்போர்ன் நகரத்தில் முதல் ஆட்டம். கார்ல்டன் அணியும் காலிங்வுட் அணியும். 24,568 பேர் வந்து மைதானம் நிறைந்து கேட்டைச் சாத்திட்டாங்க. உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே நின்றவங்களிடம், அந்த விளையாட்டுக்கே தலைமை நிர்வாகியாக இருந்த கில்லன் மெக்லாக்லன் வந்து மன்னிப்புக் கேட்டார். பொம்பளைங்க ஆட்டத்தை யார் பார்ப்பா என்று இத்தனை வருஷம் கேட்டவங்களுக்கு, பார்க்க வந்தவங்களுக்கு இடம் கொடுக்க முடியவில்லை.

மறுநாள் அடிலெய்டில், சொந்த ஊரில், எரின் இறங்கினாங்க. 13 வயதில் விட்ட ஆட்டத்தை 31 வயதில் எடுத்தாங்க. 13-ஐத் திருப்பிப் போட்டால் 31. கணக்கு நோட்டு எழுதுகிறவள், எனக்கு எண் கண்ணில் படும். நடுவில் 18 வருஷம். நம் நாட்டில் ஒரு பிள்ளை பிறந்து ஓட்டுப் போடுகிற வயதுக்கு வரும் காலம் அது.

அடிலெய்டு அணியில் அவங்க போட்டுக்கொண்ட சட்டை எண்ணும் 13. அந்த எண்ணை வீடியோவில் பார்த்ததும் எனக்கு என்னமோ போல ஆயிருச்சு. நின்ற இடத்திலிருந்தே மறுபடி ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது.

அந்த முதல் வருஷத்தில் சம்பளம் எவ்வளவு தெரியுமா? பெரும்பாலான பெண்களுக்கு அந்த சீசனுக்கு 8,500 ஆஸ்திரேலிய டாலர். பெயர் பெற்ற சில பேருக்கு மட்டும் 27,000. அந்த நாட்டு விலைவாசிக்கு 8,500-ஐ வைத்து வருஷம் ஓட்ட முடியாது. அதனால் ஆட்டக்காரங்க பல பேர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, சாயந்தரம் பயிற்சிக்கு வந்தாங்க. வேலைக்குப் போய் வந்து, சமைத்து வைத்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்குக் குழுக் கூட்டத்துக்கு வரும் நமக்கு அந்த அலுப்பு தெரியும்.

எரின் வீட்டில் அப்போது இரட்டைக் கைக்குழந்தைகள். 2016-ல் பிறந்தவங்க. இங்கே ஒரு விஷயம் சொல்லணும். எரினுடைய வாழ்க்கைத் துணை ஒரு பெண். அவங்களும் பாஸ்கெட் பால் ஆடினவங்கதான். இருவரும் திருமணம் செய்து குடும்பம் நடத்துகிறாங்க, பிள்ளை வளர்க்கிறாங்க. சபையில் இதைச் சொல்லலாமா, யாராவது சிரிப்பாங்களா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவங்க யாரிடமும் மறைக்காததை நான் எதற்கு மறைக்க வேண்டும்? ஒருத்தர் கதையைச் சொல்ல வந்துவிட்டு அவங்க வீட்டை விட்டுவிட்டுச் சொன்னால் அது பாதிக் கதை. வீட்டில் தோள் கொடுக்க ஒரு ஆள் இருந்ததால்தான், கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு அவங்களால் மைதானத்துக்குப் போக முடிந்தது. நமக்கும் அப்படித்தானே.

முதல் வருஷம் அடிலெய்டு அணிக்கு இரண்டு கேப்டன்கள். செல்சீ ராண்டல் ஒருத்தர், எரின் ஒருத்தர். மார்ச் 25-ஆம் தேதி கோல்ட் கோஸ்ட்டில் இறுதி ஆட்டம், எதிரணி பிரிஸ்பேன். அடிலெய்டு 35, பிரிஸ்பேன் 29. ஒரே ஒரு கோல் வித்தியாசம். முதல் கோப்பை அடிலெய்டுக்கு. அந்த ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை எரின். அந்த வருஷம் லீக்கிலேயே சிறந்த வீராங்கனை விருதும் எரினுக்குத்தான். 18 வருஷம் தள்ளி வைத்த ஆட்டத்தில், வந்த முதல் வருஷமே முதலிடம்.

இதைக் கேட்டு என் மகள், "சூப்பர்ல அம்மா" என்றாள். எனக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு வருத்தமும் வந்தது. 31 வயதில் வந்து இப்படி ஆடுகிறவங்க, 18 வயதில் எப்படி ஆடியிருப்பாங்க? 25-ல் எப்படி ஆடியிருப்பாங்க? அந்த ஆட்டத்தை யாருமே பார்க்கவில்லை. அவங்களோடு 13 வயதில் நிறுத்தப்பட்ட மற்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். அவங்களுக்கு 31-லும் கதவு திறந்திருக்காது. அவங்க பெயரை எந்த நோட்டிலும் எழுத முடியாது.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன்.

2019 மார்ச் 31. மறுபடி இறுதி ஆட்டம். இந்தத் தடவை சொந்த ஊரில், அடிலெய்டு ஓவல் மைதானத்தில். எதிரணி கார்ல்டன். வந்த கூட்டம் 53,034. இந்தப் பெண்கள் லீக்கில் அதுவரைக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததே கிடையாது. எரின் அன்றைக்கு ஆடின ஆட்டத்தில் எதிரணியால் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது பகுதி ஆட்டத்தில் ஓடும்போது முழங்கால் மடங்கி விழுந்தாங்க. முழங்காலுக்குள் இருக்கும் முக்கியமான ஜவ்வு கிழிந்துபோனது. விளையாடுகிறவங்களுக்கு அதைவிடப் பயமான அடி கிடையாது. ஆபரேஷன், அப்புறம் மாதக்கணக்கில் ஓட முடியாது.

தூக்கிக்கொண்டு போகும்போதுதான் அத்தனை பேரும் எழுந்து நின்றாங்க. எதிரணிப் பெண்களும் கை தட்டினாங்க. அவங்க வெளியே உட்கார்ந்திருக்க, ஆட்டம் முடிந்தது. அடிலெய்டு பத்து கோல், மூன்று ஒற்றைப் புள்ளி, ஆக 63. கார்ல்டன் இரண்டு கோல், ஆறு ஒற்றைப் புள்ளி, ஆக 18. நானே கூட்டிப் பார்த்தேன், சரியாக வருது. பாதியில் வெளியே போனவங்களுக்கே அன்றைக்கும் சிறந்த வீராங்கனை பதக்கம். லீக்கின் சிறந்த வீராங்கனை விருதும் அந்த வருஷம் இரண்டாம் முறையாக எரினுக்கு.

அப்போது அவங்களுக்கு 33 வயது. எல்லாம் கிடைச்சாச்சு, காலும் போச்சு, போதும் என்று உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்க உட்காரவில்லை. ஆபரேஷன் முடிந்து, காலைத் தேற்றிக்கொண்டு மறுபடி வந்தாங்க. 2021-ல் அணி இறுதி ஆட்டம் வரைக்கும் போனது. அதே அடிலெய்டு ஓவலில், சொந்த ஜனத்துக்கு முன்னால், பிரிஸ்பேனிடம் 38-க்கு 20 என்று தோற்றாங்க. அடுத்த வருஷம், 2022 ஏப்ரல் 9, மறுபடி இறுதி ஆட்டம். மெல்போர்ன் அணியை 29-க்கு 16 என்று ஜெயித்தாங்க. மூன்றாவது கோப்பை. எரினுக்கு வயது 36.

எனக்கும் 36 தான். சொல்லிக்கொள்கிற மாதிரி நான் ஒன்றும் செய்யவில்லை, வயதை மட்டும் சொல்கிறேன்.

மூன்று கோப்பை வாங்கின அணியை விட்டு, அடுத்த சீசனுக்கு எரின் வேறு அணிக்குப் போனாங்க. புதிதாகச் சேர்ந்த அணி. அப்போது லீக்கில் 8 அணி 18 ஆகியிருந்தது. கடைசியாக வந்த நாலு அணியில் ஒன்று போர்ட் அடிலெய்டு. அப்பா ஆடின அதே கிளப். அதன் பெண்கள் அணிக்கு முதல் கேப்டன் எரின் ஃபிலிப்ஸ். சட்டை எண் 22. அது அப்பா போட்ட எண்.

புது அணி, பாதிப் பேர் சின்னப் பிள்ளைகள். முதல் சீசனில் தோல்விதான் அதிகம். கோப்பைக்காகப் போகவில்லை என்பது பார்த்தாலே தெரியுது. பழைய அணியிலேயே இருந்திருந்தால் இன்னும் ஜெயித்திருக்கலாம். ஆனால் 13 வயதில், அப்பாவின் கிளப்பில் தனக்கு இடமே இல்லை என்று நின்ற பிள்ளைதானே இவங்க. அந்த இடத்தில் இப்போது பெண்களுக்கு ஒரு அணி வருது. அதற்கு முதல் கல்லை எடுத்து வைக்கப் போனாங்க என்று நான் புரிந்துகொண்டேன். 2023 சீசனோடு விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றாங்க. 38 வயது.

அவங்க கதை இவ்வளவுதான். இனி என் பக்கம் இரண்டு வார்த்தை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிறவள். குறுவட்டப் போட்டிக்குப் போய் வந்தவள். போன வருஷம் அவள் பெரியவளானாள். சடங்கு முடிந்து பள்ளிக்கூடம் போன அன்றைக்கே, விளையாட்டு டீச்சரிடம் போய், "இனிமேல் இவள் ஆட வர மாட்டாள் டீச்சர்" என்று சொன்னது யார் தெரியுமா? அவள் அப்பா சொல்லவில்லை. மாமியார் முணுமுணுத்தாங்க, ஆனால் போய்ச் சொல்லச் சொல்லவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். ஊர் ஏதாவது பேசும், அரை டவுசர் போடணும், சாயந்தரம் இருட்டிப்போகும், அடிபட்டால் நாளைக்குக் கட்டிக்கொடுக்கணுமே என்று எனக்கு நானே ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். டீச்சர் இரண்டு தரம் கேட்டாங்க. நான் அசையவில்லை. மகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அன்றையிலிருந்து போனில் விளையாட்டு வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். அப்படிப் பார்த்ததில் ஒன்றைத்தான் எனக்குக் காட்டினாள்.

எரினுக்கு 13-ல் கதவைச் சாத்தியது சட்டமும் வழக்கமும். என் மகளுக்கு 13-ல் கதவைச் சாத்தியது அவள் அம்மா. நோட்டில் எழுதிக்கொண்டு வரும்போது, அந்த வரியைத் தாண்டி எழுத எனக்குக் கை வரவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்து என்னம்மா எழுதணும், சொல்லவா?" என்று கேட்கிறாள். அவளுக்குத் தெரிந்துதான் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

போன திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சரிடம் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வருஷம் பழக்கம் விட்டுப்போச்சு, அணியில் இடம் கிடைக்குமா என்று டீச்சர் உறுதி சொல்லவில்லை. பயிற்சிக்கு வரட்டும், பார்க்கலாம் என்றாங்க. அது போதும். மாமியார் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது போகப் போகச் சரியாகும்.

ஆனால் முதலில் சொன்னதை மறுபடி சொல்கிறேன். வீட்டில் சம்மதித்தால் மட்டும் போதாது. எரின் வீட்டில் சம்மதம்தான், ஆனாலும் 18 வருஷம் போச்சு. ஒரு அப்பாவால் முடியாததை, பல வருஷம் பல பேர் சேர்ந்து கேட்டுத்தான் திறந்தாங்க. மூன்று பிள்ளைகள் வழக்குக்குப் போனாங்க, தெரியாத எத்தனையோ பெண்கள் காசு போட்டு ஆடினாங்க, பார்க்க ஜனம் வந்தது, அப்புறம்தான் கேட் திறந்தது.

சேர்ந்து கேட்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பேங்க் வாசலில் தனியாக நின்றபோது நம்மை யாரும் உட்காரச் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் தீர்மான நோட்டோடு போனபோது நாற்காலி போட்டாங்க. குழாயடித் தண்ணீர் வந்தது அப்படித்தான், ரேஷன் கடைக்கு நேரம் மாற்றியது அப்படித்தான்.

அதனால் கூட்டமைப்பிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். நம் ஊராட்சியில் ஒரு விளையாட்டுத் திடல் இருக்கிறது. சாயந்தரம் அங்கே பையன்கள் ஆடுகிறாங்க, ஆடட்டும். வாரத்தில் மூன்று நாள், ஐந்து மணியிலிருந்து ஆறரை மணி வரைக்கும், பாதித் திடல் பெண் பிள்ளைகளுக்கு என்று கிராம சபையில் கேட்போம். அந்தத் திடலில் ஒரு விளக்கு எரியவில்லை, அதையும் கேட்போம். அந்த நேரத்தில் குழுவுக்கு இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு திடல் ஓரத்தில் உட்கார்ந்திருப்போம். கூட்டம் போட்டுப் பேசுவதை அங்கே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். அம்மாமார் உட்கார்ந்திருக்கும்போது ஊர் என்ன பேசும்?

நம் பிள்ளைகள் எல்லாரும் கோப்பை வாங்கணும் என்று நான் சொல்லவில்லை. வாங்காமலும் போகலாம். ஆடுகிற பிள்ளை ஆடி, தானாகப் போதும் என்று நிறுத்தட்டும். 13 வயதில் யாரோ சொல்லி நிறுத்தினது என்று இருக்க வேண்டாம். 31 வயது வரைக்கும் காத்திருக்கிற தெம்பு எல்லாப் பிள்ளைக்கும் இருக்காது.

முறைக்கு வரச் சம்மதிக்கிறவங்க கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். நோட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதிட்டேன்.